கொஸ்லந்தையும் ஊர்க்காணியும்

பதுளையிலிருந்து புறப்பட்டு ஹாலி-எல, பண்டாரவளை, அப்புத்தளை ஆகிய ஊர்களைக் கடந்து பெரகலைச் சந்தியை அடையும் பாதை, அங்கே கிழக்கு நோக்கித் திரும்பி வெல்லவாய் வரை இறங்கிக்கொண்டே செல்கிறது. அந்த இறக்கத்தின் நடுவே உள்ளது கொஸ்லந்தை. கொழும்பில் தொடங்கி இரத்தினபுரி, பலாங்கொடை, ஹல்துமுல்லை வழியாக மட்டக்களப்புவரை நீளும் நெடுஞ்சாலையே இச்சிற்றூரின் கடைத்தெருவுமாகும். சிங்கள மொழியில் ‘கொஸ்’ என்றால் பலா. வடக்கே நிமிர்ந்து பார்த்தால் முகில் தொடும் தேயிலை மலை. தெற்கே குனிந்து பார்த்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வெயிலில் மங்கும் சமவெளி. மலைக் குளிரும் சமவெளி வெப்பமும் ஒன்றையொன்று சந்திக்கும் வாசற்படி என்று இவ்விடத்தைக் கூறலாம்.

இங்கிருந்து சில மைல் கீழே இறங்கினால், பூனாகலை ஓயா 220 மீற்றர் உயரத்திலிருந்து பாறையைத் தழுவி வீழும் தியலும நீர்வீழ்ச்சியைத் தெருவில் நின்றே காணலாம். இலங்கையின் நீர்வீழ்ச்சிகளுள் உயரத்தால் இரண்டாவது இது. முதலாவதான பம்பரகந்தையும் இதே பதுளை மாவட்டத்தில்தான் இருக்கிறது. விடுமுறை நாட்களில் அருவி காண வருவோர் பலர். அவர்களுள் கொஸ்லந்தைக் கடைத்தெருவில் தேநீர் அருந்த இறங்குவோரும் உண்டு. ஆனால், அத்தேநீர்க்குரிய கொழுந்தைப் பறிப்போர் வாழும் லயங்கள்வரை ஏறிச் செல்வோர் மிகச் சிலரே.

நாம் ஏறிச் சென்றது ஒரு கடிதத்தின் பொருட்டு. எம்மிடம் பயிலும் மாணவி ஒருத்தியின் தாத்தாவுக்குத் தமிழகத்திலிருந்து பதிவுத் தபால் ஒன்று வந்திருந்தது. அதனுடன் கையொப்பமிட வேண்டிய பத்திரமும் இருந்தது. “படித்துப் பொருள் சொல்ல வேண்டும், சேர்” என்று அவள் கேட்டாள். எம் பாடம் சட்டமன்று. எனினும், பத்திரத் தமிழை விளங்கிக்கொள்ள இயலும் என்ற துணிவில் உடன் சென்றோம்.

கடைத்தெருவிலிருந்து தோட்டத்து முச்சக்கர வண்டி ஒன்று எம்மை ஏற்றிச் சென்றது. வழிநெடுகக் கொழுந்துக் கூடைகளுடன் பெண்கள் நிறை போடக் காத்து நின்றனர். லயத்தை அடைந்தபோது பிற்பகல் இரண்டு மணி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவுள்ள காம்பரா. அதன் முன்னே குறுகிய இஸ்தோப்பு. அங்கே பெரியவர் எமக்காக ஒரு நாற்காலியைத் துடைத்து வைத்திருந்தார். எண்பது வயதை எட்டிய உடல். கண்ணில் மட்டும் தளர்ச்சியில்லை.

“வாங்க ஐயா. ஊர்ல இருந்து கடுதாசி வந்திருக்கு. என்னமோ கையெழுத்துப் போடச் சொல்றாங்க” என்றார்.

இங்கே ‘ஊர்’ என்னும் சொல்லை வாசகர்கள் கவனிக்க வேண்டும். கொஸ்லந்தையில் முதியோர் ‘ஊர்’ என்று கூறினால், அது தாம் நிற்கும் இடமன்று. கடலுக்கு அப்பால் திருச்சிராப்பள்ளியிலோ புதுக்கோட்டையிலோ சேலத்திலோ மதுரையிலோ உள்ள மூதாதையர் கிராமம். இப்பெரியவர் பிறந்தது இம்மலையில். தந்தை பிறந்ததும் இம்மலையில். ஊரை அவர் வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் கண்டிருக்கிறார். ஆயினும் ஊர், ஊர்தான்.

தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றிய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துத் தந்தார். ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தலை பொறித்த முத்திரைத்தாள், மடிப்புகளில் கிழிந்திருந்தது. முசிறிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இரண்டு ஏக்கர் புன்செய்யும் ஒரு கிணற்றில் பாதிப் பங்கும் அவருடைய பாட்டனார் பெயரில் வாங்கப்பட்டிருந்தன. பாட்டனார் சில்லறைக் கங்காணியாக இருந்தவராம்.

அக்காலத்தில் கண்டிச் சீமைக்கு வந்தோர் எல்லோரும் இவ்வாறு காணி வாங்கினர் என்று எண்ணிவிடலாகாது. தொழிலாளர்களுட் பெரும்பாலோர் கடனோடு வந்து கடனோடு வாழ்ந்தவர்கள். கங்காணி தந்த முற்பணம் ‘துண்டு’ என்னும் சீட்டிலே குறிக்கப்பட்டிருக்கும். அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. 1921ஆம் ஆண்டில்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மிச்சம் பிடிக்க முடிந்த கங்காணிகளும் கணக்குப்பிள்ளைகளும், அரிதாகச் சில தொழிலாளரும், மணியார்டர் மூலமும் ஊர் போவோர் கையிலும் பணம் அனுப்பி நிலம் வாங்கினர். ‘என்றேனும் திரும்புவோம், திரும்பும்போது தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும்’ என்பதே அவர்தம் எண்ணம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே 1914இல் தொடங்கிய கப்பற் சேவை அந்த எண்ணத்துக்குப் பாலமாயிற்று.

வாங்கியது அங்கே, வாழ்ந்தது இங்கே. இங்கே வாழ்ந்த மண்ணிலோ அவர்களுக்கு ஒரு சாண் உரிமையும் இல்லை. இம்மலைகள் தோட்டங்களான வரலாற்றையும் ஈண்டுக் குறிப்பிட வேண்டும். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், உரிமைப் பத்திரம் காட்ட இயலாத காடுகளையும் தரிசு நிலங்களையும் அரசுடைமை எனக் கொள்ள வழிசெய்தது. கண்டிச் சிங்களக் கிராமத்தவர் தம் காணிகளுட் பலவற்றை இழந்ததும் இதனாலேயே. அந்நிலங்கள் தோட்டத் துரைமாருக்கு விற்கப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் பெருந்தோட்டங்கள் அரசிடம் வந்தன. 1992இல் அவற்றின் நிருவாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினர், அரசு மாறியது, கம்பனி வந்தது. லயத்துக் காம்பரா மட்டும் எக்காலத்திலும் ‘தோட்டம் தந்த இருப்பிடம்’ என்ற அளவிலேயே நின்றது.

ஊரில் வாங்கிய அந்தச் சிறு காணியோ இங்கே அவர்களுக்கு எதிரான சான்றாக மாறியது. ஊருக்குப் பணம் அனுப்புகிறார்கள், ஊரில் நிலம் வைத்திருக்கிறார்கள். ஆகவே, இவர்கள் இந்நாட்டில் நிலைத்து வாழ்வோர் அல்லர் என்று அரசியல் மேடைகளில் வாதிடப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 அக்டோபர் 30ஆந் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 9,75,000 பேரை எண்ணிக்கையால் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. இந்தியா செல்லும் குடும்பம் தன்னுடன் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் சொத்தின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே குறைப்பதில்லை என்றும் அவ்வொப்பந்தம் கூறியது. இரண்டு மூன்று தலைமுறை உழைப்பின் கணக்கு அந்த அளவில் முடிந்த குடும்பங்கள் எத்தனையோ!

பெரியவரின் அண்ணன் அவ்வாறு சென்றவர். எழுபதுகளில் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கினார். ஊர்க்காணியில் குடியேறலாம் என்று போனவருக்கு, அங்கே உழுதுகொண்டிருந்த பங்காளிகள் இடம் தரவில்லை. தாயகம் திரும்பியோருக்கென நீலகிரியில் தமிழக அரசு வளர்த்த தேயிலைத் தோட்டங்கள் இருந்தன. கூடலூர்ப் பக்கம் சென்று மீண்டும் தேயிலையிலேயே உழைத்தார். இங்கே கொழுந்து, அங்கேயும் கொழுந்து.

“அண்ணன் போனாரு, நான் தங்கிட்டேன். இப்ப அந்தக் காணிய விக்கப் போறாங்களாம். என் கையெழுத்து இல்லாம வாங்குறவன் பணம் தர மாட்டேங்குறானாம்” என்றார் பெரியவர்.

கடிதம் மரியாதையாகவே எழுதப்பட்டிருந்தது. ‘பெரியப்பா அவர்கள் திருவடிகளுக்கு’ என்று தொடங்கி, நலம் விசாரித்து, தாங்கள் நால்வரும் நிலத்தை விற்க முடிவு செய்திருப்பதாகவும், இணைத்துள்ள பத்திரத்தில் ஒப்பமிட்டு அனுப்பினால் வரும் தொகையில் ‘நியாயமான பங்கு’ அனுப்புவதாகவும் கூறியது. இணைத்திருந்த பத்திரம் பொது அதிகாரப் பத்திரம். நாம் இலங்கையில் ‘அற்றோணித் தத்துவம்’ என்கிறோமே, அதுவே. ஆனால், அதில் இரண்டு ஏக்கர் புன்செய் மட்டும் கூறப்பட்டிருக்கவில்லை. ‘எனக்குச் சொந்தமான, இனிச் சொந்தமாகக்கூடிய சகல சொத்துகளையும்’ விற்க, ஈடு வைக்க, பணம் பெற, இரசீது தர அதிகாரம் கேட்கப்பட்டிருந்தது. பங்கு எவ்வளவு என்பது எங்கும் எழுதப்படவில்லை.

இத்தகைய கடிதங்கள் இன்று உலகெங்கும் உள்ள தமிழர் வீடுகளுக்குச் செல்கின்றன. யாழ்ப்பாணத்துக் காணியை டொரொன்டோவிலிருந்து விற்போரும், காரைக்குடி வீட்டைக் கோலாலம்பூரிலிருந்து பராமரிப்போரும் நம் வாசகர் குடும்பங்களிலேயே இருப்பர். ஆகையால் சில செய்திகளை ஈண்டுத் தெளிவாகக் கூறுதல் நன்று.

தமிழகத்தில் பட்டா என்பது வருவாய்த் துறையின் பதிவு. அது மட்டும் உரிமையை உண்டாக்கிவிடாது. 1980களில் அங்கே நிலப் பதிவேடுகள் திருத்தி எழுதப்பட்டபோது, நிலத்தில் இருந்தவர்கள் பெயரே பல இடங்களில் பட்டாவில் ஏறியது. கடல் கடந்திருந்தோர் பெயர் விடுபட்டது. அதனாலேயே பங்கு அழிந்துவிட்டது என்று கொள்ள வேண்டியதில்லை. கூட்டுரிமைக்காரருள் ஒருவர் நிலத்தில் இருப்பது ஏனையோர் சார்பாகவும் இருப்பதாகவே நீதிமன்றங்கள் பொதுவாகக் கருதிவந்துள்ளன. வாங்குபவர் பெரியவரின் ஒப்பத்தைக் கேட்பதற்குக் காரணமும் இதுவே.

இந்தியாவுக்கு வெளியே எழுதப்படும் அதிகாரப் பத்திரத்தை நொத்தாரிசு, நீதிவான் அல்லது இந்தியத் தூதரக அலுவலர் முன்னிலையில் நிறைவேற்ற வேண்டும். அது இந்தியாவை அடைந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை செலுத்தப்படல் வேண்டும். இன்னொன்றும் உண்டு. இலங்கைப் பிரசை ஒருவர் இந்தியாவில் அசையாச் சொத்தை வாங்கவோ கைமாற்றவோ இந்திய ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை. ஐந்தாண்டுக்கு மேற்படாத குத்தகைக்கும், கடல்கடந்த இந்தியர் அட்டை பெற்றவர்க்கும் மட்டுமே விலக்கு உண்டு. எனவே, இஸ்தோப்பில் அமர்ந்து அவசரமாக இடும் ஒப்பம் வாங்குபவனுக்கும் பயன் தராது, விற்பவனுக்கும் காவலாகாது.

இவற்றை நாம் விளக்கிக் கூறியபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், “அங்க காகிதம் இருக்கு, காணி இல்ல. இங்க காணியில இருக்கோம், காகிதம் இல்ல. ரெண்டுக்கும் நடுவுல எங்க காலம் போயிருச்சு ஐயா” என்றார்.

அந்தக் காகிதம் இல்லாமையின் விலை என்ன என்பதைக் கொஸ்லந்தை அறிந்த அளவு வேறெவரும் அறியார். 2014ஆம் ஆண்டு அக்டோபர் 29ஆந் திகதி காலை, இவ்வூருக்கு மேலேயுள்ள மீரியபெத்தையில் மலை பெயர்ந்து லயங்களின் மேல் விழுந்தது. முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பலருடைய உடல்கள் கிடைக்கவேயில்லை. அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரித்திருந்தது. ‘எச்சரித்தும் ஏன் போகவில்லை?’ என்று நகரத்தில் பலர் கேட்டனர். போவதற்கு இடம் வேண்டாமா? தன் பெயரில் நிலமுள்ளவன் விற்கலாம், ஈடு வைக்கலாம், ஆபத்தில்லாத மூலையில் குடிசை போடலாம். லயத்தில் இருப்பவன் பிறர் தீர்மானத்துக்குக் காத்திருக்க வேண்டும். மீரியபெத்தையில் அந்தத் தீர்மானத்தை மழை முந்திக்கொண்டது.

தப்பியோர் பலர் மாக்கல்தெனியைத் தேயிலைத் தொழிற்சாலையில் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் தங்கினர். 2016 அக்டோபரில் 75 வீடுகள் கட்டிக் கையளிக்கப்பட்டன. 2023 மார்ச்சில் பூனாகலைக் கபரகலையில் மீண்டும் மண் சரிந்தது. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டித்வா புயல் மலைநாட்டின் பல இடங்களைக் குலைத்தது. ஒவ்வொரு மழைக்குப் பின்னும் எழும் வினா ஒன்றே: அடுத்த வீடு எங்கே, யாருடைய மண்ணில்?

தோட்டத்து வீட்டுத் திட்டங்களில் அண்மைக் காலமாக ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் என்று பேசப்படுகிறது. ஏக்கருக்கு 160 பேர்ச்சஸ்; ஆகவே 7 பேர்ச்சஸ் என்பது தமிழகக் கணக்கில் நாலேகால் சென்டுக்குச் சற்று அதிகம். சிறிய நிலந்தான். ஆயினும், ஒரு வீட்டையும் நாலு மரக்கறிப் பாத்தியையும் ஒரு பலாக் கன்றையும் தாங்கும். வீடு கிடைத்தும் உறுதி கைக்கு வராத குடும்பங்கள் இருக்கின்றன. லயத்திலேயே காத்திருக்கும் குடும்பங்கள் அவற்றினும் அதிகம். காணிப் பத்திரத்துக்கு இலங்கைத் தமிழில் ‘உறுதி’ என்று பெயர் வைத்த முன்னோர் பொருளறிந்தே வைத்தனர். அது கையில் இல்லாதவன் வாழ்வில் எதுவும் உறுதியாக இல்லை.

அன்று மாலை அந்த இஸ்தோப்பில் இரண்டு கடிதங்கள் எழுதப்பட்டன. முதலாவதை நாம் எழுதப் பெரியவர் சொன்னார். ‘தம்பி மகனுக்கு ஆசீர்வாதம். நிலத்தை விற்பதில் எனக்குத் தடையில்லை. பொதுப் பத்திரத்தில் ஒப்பமிட இயலாது. பட்டா நகலும் வில்லங்கச் சான்றும் அனுப்பு. புல எண்ணையும் விலையையும் என் பங்கையும் குறித்து, அந்த ஒரு நிலத்துக்கு மட்டும் பத்திரம் தயாரி. கூடலூரில் இருக்கும் என் அண்ணன் பிள்ளைகளுக்கும் பங்கு உண்டு, அவர்களையும் கேள். அனுமதிக்கு வேண்டியதை இங்கே வழக்கறிஞரிடம் கேட்டுச் செய்வேன்’ என்பது அதன் சாரம். அண்ணன் பிள்ளைகளின் பெயரை எவரும் நினைவூட்டவில்லை, அவராகவே சொன்னார்.

இரண்டாவது கடிதத்தை எழுதியவள் மாணவி. எம்மிடம் கேளாமலே தாளை எடுத்தாள். பிரதேச செயலாளருக்கு முகவரியிட்டு, தம் குடும்பம் இத்தோட்டத்தில் எத்தனை தலைமுறையாக உழைக்கிறது என்பதையும், தாம் வாழும் லயம் சரிவின் கீழ் இருப்பதையும், பாதுகாப்பான நிலத்தில் தமக்குரிய காணியையும் அதற்கான உறுதியையும் வேண்டுவதையும் ஒரு பக்கத்தில் அடக்கினாள். அடியில் தாத்தா ஒப்பமிட்டார்.

“ஊருக்கு எழுதுற கடுதாசியில கையெழுத்துப் போட எனக்குப் பழக்கம். இதுல போடுறது இதுதான் முதத் தடவை” என்று சிரித்தார்.

இப்பக்கத்தை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒன்று கூற விரும்புகிறோம். உங்கள் வீட்டில் பெட்டியின் அடியில் கிடக்கும் பழைய பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள். பாட்டியும் தாத்தாவும் உள்ளபோதே ஊர்ப் பெயர், வட்டம், புல எண், பங்காளிகளின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதி வையுங்கள். படியெடுத்து இரண்டு இடங்களில் வையுங்கள். சகல சொத்துக்கும் என்று கூறும் எந்தப் பத்திரத்திலும் வீட்டாரை அவசரமாக ஒப்பமிட விடாதீர்கள். கடல் கடந்த நிலம் இரண்டு ஏக்கரானாலும் இரண்டு சென்டானாலும், அதில் முன்னோர் வியர்வை இருக்கிறது. அதனை அறியாமையால் இழத்தலாகாது.

அத்துடன், நிற்கும் மண்ணுக்குரிய கடிதத்தையும் எழுதுங்கள். மறுமொழி வரும்வரை மீண்டும் மீண்டும் எழுதுங்கள். அருவி காணக் கொஸ்லந்தைக்கு வரும் அன்பர்களும், தியலுமவில் நின்று திரும்புமுன், ஒருமுறை மேலே மலையை நோக்குக. அங்கே தெரியும் லயத்துக் கூரைகளின் கீழ் வாழ்வோர் கேட்பது பெரிய நிலமன்று. மழை பெய்யும் இரவில் அஞ்சாமல் உறங்கவும், தம் பிள்ளைகளிடம் ‘இது நம்முடையது’ என்று கூறவும் ஏழு பேர்ச்சஸ் இடமும் ஒரு தாளும்தான்.